எடைக்குக் கிடைத்த குண்டான்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். என் தந்தை கைத்தறியில் கைலி நெய்து எங்களை வளர்த்தவர். என் கணவர் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே மகன் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். இப்போது எங்களுக்குப் பணத்தால் வருகிற குறை என்று எதுவும் இல்லை.

சென்ற மாதம் கணவரின் கண் பரிசோதனைக்காக வேலூருக்கு வந்தபோது, லாங்கு பஜார் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் பித்தளைக் குண்டான் ஒன்றைப் பார்த்தேன். வெளியே கறுத்து, உள்ளே பூச்சு போய், ஒரு மூலையில் கிடந்தது. தூக்கிப் பார்த்ததும் எங்கள் அம்மா வீட்டுக் குண்டானின் கனம் கையில் தெரிந்தது. எடை போட்டு வாங்கினேன். புதியதன் விலையில் பாதிகூட ஆகவில்லை. வீட்டில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தபோது, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துகள் வெளிப்பட்டன. முன்னெழுத்தோடு யாரோ ஒரு பெண்ணின் பெயர். அன்று முழுவதும் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

என் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டு எச்சில் பாத்திரமோ, அந்தப் பெயரையாவது தேய்த்து அழித்துவிடு" என்றார். மகன் சொன்னதுதான் மனத்தில் தங்கிவிட்டது. "பழையதைத் தேடி வாங்குவதும், சந்தையில் நல்ல கத்தரிக்காய் கிடைத்ததைப் பற்றி ஒரு வாரம் பேசுவதும், பெரிதாக எதுவும் கிடைக்காதவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்ட பழக்கம் அம்மா. இனிமேல் உனக்கு அது வேண்டியதில்லை" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவன் சொல்வது உண்மையா ஐயா? என் சந்தோஷம் வெறும் ஆறுதல்தானா? இன்னொன்று, அந்தக் குண்டானில் சாம்பார் வைக்கலாமா?

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அடுப்பு சம்பந்தப்பட்டது காத்திருக்கக் கூடாது என்பதோடு, மற்ற கேள்விகளுக்கான பதிலையும் அங்கிருந்து தொடங்குவதே சரியென்று எனக்குப் படுகிறது. உள்ளே பூச்சு போன பித்தளைக் குண்டானில் சாம்பாரோ ரசமோ வைக்காதீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்பு பட்டால் அது கரைந்து உணவில் இறங்கும், களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் உட்புறம் ஈயம் பூசினார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிற காலம் போய்விட்டாலும், பாத்திரக் கடைகளில் கேட்டால் ஆள் சொல்வார்கள். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் நஞ்சு, அது துளியும் கலந்திருக்கக் கூடாது.

முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குண்டானைக் கரி நெருப்பில் காய வைத்து, துருத்தியால் ஊதி, நன்றாகச் சூடேறியதும் நவச்சாரப் பொடியை உள்ளே தூவுவார்கள். குப்பென்று வெண்புகை எழும். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் கறையை அந்த நவச்சாரம்தான் நீக்குகிறது. அது இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். அடுத்த கணமே ஈயக் குச்சியை ஓரிடத்தில் தொட்டு எடுத்து, பஞ்சுத் துணியால் விரைவாகச் சுற்றித் துடைப்பார்கள். கறுத்துக் கிடந்த அடிவயிறு, துணி போகிற வழியெல்லாம் பளிச்சென்று வெளுத்துக்கொண்டே வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய பொருள் புதிதாகிவிடுகிற காட்சி அது. அதைப் பார்க்க நான் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்பேன். பூசிய பிறகு நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வெள்ளீயம் ஏறத்தாழ 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், குண்டானை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது, தாளிப்பையும் தனியாக ஒரு கரண்டியில் செய்து கொட்டிக்கொள்ள வேண்டும். கம்பி நாரும் வேண்டாம். உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரியத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும், அவ்வளவே.

பெயரை அழிக்காதீர்கள். சீர் வரிசையில் வந்த பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவது நம் ஊர்ப் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் இருந்த வழக்கம். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவே பாத்திரம் கொடுத்து உதவிய காலத்தில், விருந்து முடிந்தபின் எது யாருடையது என்று பிரித்துக் கொடுக்க அந்தப் புள்ளி எழுத்துதான் சாட்சி. சிறிய உளியை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டித் தட்டி எழுதிய பெயர் அது. அந்த அம்மாள் யார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அவருக்காக ஒருவர் கடையில் நின்று, முன்னெழுத்தைச் சரியாகச் சொல்லி, அந்த எழுத்துகளை வெட்டி வாங்கியிருக்கிறார். எச்சில் என்று அண்ணி அவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஈயம் பூசும்போது அந்தக் குண்டான் நெருப்புக்குள் புகுந்துதான் வெளியே வரப்போகிறது. நெருப்பைவிடச் சுத்தம் செய்கிற பொருள் நம் சமையலறைகளில் எதுவும் இல்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "கனம் கையில் தெரிந்தது" என்பது. அந்தக் கடையைத் தாண்டி அன்று எத்தனையோ பேர் போயிருப்பார்கள். அவர்களுக்கும் அந்தக் குண்டான் கண்ணில் பட்டிருக்கும், ஆனால் கறுத்த ஒரு பாத்திரமாகத்தான் பட்டிருக்கும். தகட்டின் தடிமனை விரலால் உணர்வதும், தட்டிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று ஓசையில் கண்டுகொள்வதும், வெளிக் கறுப்புக்கு அடியில் உலோகம் நன்றாக இருக்கிறது என்று நம்பிக் காசு கொடுப்பதும் உங்கள் அம்மாவின் அடுப்படியில் நீங்கள் பெற்ற படிப்பு. அது பாதி விலைக்குக் கிடைத்ததற்குக் காரணம் அதன் மதிப்பு குறைந்ததன்று; அதன் மதிப்பு தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நீங்கள் அன்று முழுவதும் மகிழ்ந்தது மிச்சமான பணத்துக்காக என்று நான் நம்பவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒன்று அன்று பயன்பட்டது, அதன் மகிழ்ச்சி அது.

மகன் கேலி செய்த கத்தரிக்காயும் அப்படித்தான். நம் மாவட்டத்தில் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணியோடு கத்தரிக்காயைச் சேர்த்துத் தின்று வளர்ந்த நமக்கு அதன் சுவையைப் பற்றிச் சொல்ல எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை என்றாலும், அந்த அங்கீகாரத்தில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு. அந்தக் காயைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. காம்பிலும் அதைச் சுற்றிய பச்சைத் தொப்பியிலும் இருக்கிற முள் விரலில் நறுக்கென்று குத்த வேண்டும். முள் தளர்ந்து வளைந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று பொருள். தோல் மினுமினுக்க வேண்டும், அளவுக்கு மீறிக் கனக்கக் கூடாது, கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் காலை நேரத்தில் போய் நின்றால், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே விலை. ஆனால் ஒரே விலைக்கு ஒருவர் நல்ல காயோடும் இன்னொருவர் விதைக் காயோடும் வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல காயை அடையாளம் கண்டவர் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினால் அதில் என்ன பிழை இருக்கிறது? கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரு நல்ல பந்து வீச்சைப் பற்றி நாம் ஒரு மாதம் பேசுவதில்லையா?

இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது நம் ஊருக்கே உரிய ஒரு வரம், அதை நாம் வரமென்று நினைப்பதே இல்லை. சுற்றிலும் பாறை மலைகள் நின்று வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற ஊர் நம்முடையது. ஆனால் அந்தக் கோடையின் பகல் காற்று வறண்ட காற்று. மண்பானையில் ஊற்றிய தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாகக் கசிந்து வெளிச்சுவருக்கு வந்து, ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவுக்கெவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு வேகமாக ஆவியாகும், தண்ணீரும் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்த சென்னையில் அதே பானை இந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. நம்மை வாட்டுகிற அதே காற்றுதான் நம் பானைத் தண்ணீரைக் குளிர வைக்கிறது என்பது தெரிந்த பிறகு, சித்திரை மாதத்தில் வெளியே போய்விட்டு வந்து குடிக்கிற முதல் குவளைத் தண்ணீருக்கு ஒரு தனிச் சுவை வந்துவிடுகிறது. பானையைச் சமையலறை மூலையில் வைக்காமல் காற்று வருகிற சன்னல் ஓரமாக, ஈர மணலின் மேல் வையுங்கள். அழகுக்காக வண்ணம் அடித்த பானையை வாங்காதீர்கள். வண்ணம் துளைகளை அடைத்துவிடும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரும் நாளடைவில் துளைகளை அடைக்கும், வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான். சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் குளிரவில்லை என்றால் அதைச் செடிக்குக் கொடுத்துவிட்டுப் புதியதொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்கள் மகனின் கேள்வி நிற்கிறது என்பதை அறிவேன். பெரியது கிடைக்காதவர்கள் சிறியதைக் கொண்டு தேற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. அப்படியானால் பெரியது கிடைத்தவர்கள் சிறியதையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் 1978-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர்கள் மூவர் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை பெற்ற 22 பேரையும், அதே பகுதியில் பரிசு எதுவும் பெறாத 22 பேரையும் பேட்டி கண்டு, காலை உணவு, நண்பரோடு பேசுவது, ஒரு நகைச்சுவையைக் கேட்பது, பத்திரிகை படிப்பது, துணி வாங்குவது போன்ற அன்றாடச் செயல்களில் எவ்வளவு இன்பம் கிடைக்கிறது என்று கேட்டார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான இன்பமே கிடைப்பதாகச் சொன்னார்கள். 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தால் சிறியதன் சுவை மங்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை செய்யப்படும்வரை, பேருந்து நிலையங்களில் சீட்டுக் கட்டோடு நின்றவர்களை உங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. எத்தனை வீடுகளில் அன்றைய சோறும் அன்றைய பேச்சும் நாளைய குலுக்கலுக்காகக் காத்துக் கிடந்தன என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பாலாற்றை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுதும் நீர் ஓடுகிற ஆற்றின் கரையில் இருப்பவர்களுக்கு ஆறு என்பது தினமும் கடக்கிற ஒரு பாலம். நமக்கு அது மணல். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது, சேதத்தையும் துயரத்தையும் கொண்டுவந்த அந்த வெள்ளம் வடிந்து நீர் அமைதியாக ஓடத் தொடங்கிய நாட்களில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆற்றைக் காட்டியவர்களை நான் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும் பூவும் இட்டு வணங்கியவர்களைப் பார்த்தேன். பள்ளி போகும் வயதில் இருந்த ஒரு பெண் குழந்தை, பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, "சத்தம் போடுதும்மா" என்று சொன்னது என் காதில் இருக்கிறது. ஆறு ஓசை எழுப்பும் என்பதையே அது அன்றுதான் அறிந்தது. அந்தக் குழந்தை அடைந்ததை ஆறுதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆறுதல் என்றே வைத்துக்கொண்டாலும், அதை ஏன் தாழ்வாக நினைக்க வேண்டும்? சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளோடு வந்து, வாரக்கணக்கில் விடுதி அறைகளில் தங்கியிருக்கும் குடும்பங்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். கடுகு எண்ணெயும் பொரியும் விற்கும். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிய கணவனை அறையில் படுக்க வைத்துவிட்டு மார்க்கெட்டுக்கு வந்த ஒரு பெண், தங்கள் ஊர்க் காய் ஒன்று கூடையில் இருப்பதைப் பார்த்து முகம் மலர்வதை நீங்கள் ஒருமுறை பார்த்திருந்தால், உங்கள் மகனுக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பீர்கள். அவளுடைய பெரிய கவலை அதனால் ஓர் அணுவும் குறையவில்லை. குறையவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அன்றிரவு அந்த அறையில் ஒரு பழக்கமான வாசனை எழும், நோயாளி இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடக்கூடும். கவலையை மறப்பதற்காக அவள் அதை வாங்கவில்லை. கவலையின் நடுவிலும் அந்தக் காய் நல்ல காயாகத்தான் இருந்தது, அதனால் வாங்கினாள்.

ஆனால் உங்கள் மகன் பேச்சில் நான் ஏற்றுக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டால் உங்களுக்கு உண்மையாக நடந்துகொண்டவன் ஆக மாட்டேன். சிறிய மகிழ்ச்சிகளைப் பற்றிப் பேசுவது, கிடைக்க வேண்டியது கிடைக்காதவரிடம் போய் "இருப்பதை வைத்து மகிழ்" என்று சொல்வதாக ஆகிவிடக் கூடாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிலிலும் காலணித் தொழிலிலும் உழைக்கிறவர்கள் கூலி உயர்வு கேட்கும்போது, மொட்டைமாடிக் காற்றைப் பற்றியும் மண்பானைத் தண்ணீரைப் பற்றியும் அவர்களுக்குப் பாடம் நடத்துவது கொடுமை. உங்கள் தந்தை தறியில் உட்கார்ந்த காலத்தில், மிச்சம் விழுந்த கைலித் துண்டுகளை உங்கள் அம்மா தைத்துத் தலையணை உறையாக்கியிருப்பார். அந்த உறையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் நெய்தவருக்குக் கிடைத்த கூலி போதுமானதாக இருந்ததா என்றும் கேட்க வேண்டும். உங்கள் மகன் அந்த வீட்டின் பேரன். அவர் பேச்சுக்கு அடியில், தன் குடும்பம் இனி ஒருபோதும் குறைந்ததோடு நிறைவடைய வேண்டிய நிலைக்கு வரக் கூடாது என்ற எண்ணம் இருக்கிறது. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

இதோடு சேர்ந்ததுதான் பேரம். குண்டானுக்குக் கடைக்காரர் எடைக்குச் சொன்ன விலை அவருக்குக் கட்டுபடியான விலை, நீங்களும் மகிழ்ந்தீர்கள், அவரும் இழக்கவில்லை. ஆனால் கூடையில் ஐந்து கட்டுக் கீரையோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு, அதைச் சிக்கனத்தின் வெற்றியாக வீட்டில் சொல்கிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த இரண்டு ரூபாய் அவளுடைய தேநீரில் பாதியாக இருந்திருக்கும். மற்றவர் வயிற்றிலிருந்து எடுத்த மிச்சத்தில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் தெரியவில்லை. அதேபோல் ஆடித் தள்ளுபடி என்று பலகை வைத்த இடத்திலெல்லாம் நுழைந்து, வேண்டாதவற்றை மலிவு என்பதற்காகவே வாங்கி அலமாரியில் திணிப்பதும் வேறொரு பழக்கம். அங்கே விலை மட்டும்தான் பேசுகிறது, வாங்குகிறவருக்குப் பொருளைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியவற்றைப் பற்றியே இதுவரை பேசினோம். காசே இல்லாமல் கிடைப்பவை நம் ஊரில் இருக்கின்றன, அவற்றையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த முறை வேலூருக்கு வரும்போது கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குப் போய், யாளிகளும் குதிரை வீரர்களும் எழுந்து நிற்கும் தூண்களைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து விதானத்தையும் பாருங்கள். நடுவில் விரிந்த மலரைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். அந்த மண்டபத்தின் அழகைக் கண்டு ஆங்கிலேயர் அதைக் கல் கல்லாகப் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோக எண்ணினார்கள் என்று வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலில் 1981-இல்தான் மீண்டும் லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கியது. அரசர்கள் கட்டியதும், நம்மை ஆண்ட ஆங்கிலேயர் ஆசைப்பட்டதாகச் சொல்லப்படுவதுமான ஒன்றை இன்று கைப்பையில் ஒரு தண்ணீர்ப் புட்டியோடு வந்து நீங்கள் பார்த்துவிட்டுப் போகலாம். சாயங்காலம் அகழியின் ஓரமாக நடக்கலாம். மலைகளின் பின்னால் வெயில் இறங்கியதும் கருங்கல் மதில் பொன்னிறமாகும் நேரம் அது.

இங்கேயும் உங்கள் மகனுக்கு ஒரு செய்தி இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு கோட்டைப் பூங்காவில் மாலை நேரத்தில் தனியாகவும் தோழிகளோடும் வந்து உட்காரும் பெண்களை நான் கூடுதலாகப் பார்க்கிறேன். முன்பு அந்தப் பயணத்துக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டியிருந்திருக்கும், காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று 1948-இல் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அதன் பலனாகத்தான் சிறிய ஊர்களிலும் இன்று காலைப் பத்திரிகையைக் காசில்லாமல் படிக்க முடிகிறது. சிறிய மகிழ்ச்சிகள் தனி மனிதருடைய மனப்பக்குவத்தால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. யாரோ போராடியும் திட்டமிட்டும் அமைத்த பேருந்தும் பூங்காவும் நூலகமும் சந்தையும் அவற்றுக்கு அடியில் இருக்கின்றன. உரிமை கேட்பதும் கிடைத்ததில் மகிழ்வதும் ஒரே வீட்டில் இருக்கக் கூடியவை என்று அவரிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

அவர் விடுமுறைக்குக் குடியாத்தம் வரும்போது இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுத்து வாதம் செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஈயம் பூசிய குண்டானில் முள்ளுக் கத்தரிக்காய் போட்ட சாம்பாரை வைத்துப் பரிமாறுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பெங்களூரில் அவருக்குப் பிடித்த தேநீர்க் கடை எது என்று கேளுங்கள். வேலைக்கு நடுவே இறங்கிப் போய் நிற்கிற ஒரு கடை, அங்கே இன்னாரிடம் சொன்னால்தான் இஞ்சி சரியாக விழும் என்று அவர் மட்டும் அறிந்த ஒரு விவரம், அவருக்கும் இல்லாமல் இருக்காது. அவர் அதைச் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள். பெங்களூருக்குப் போகும்போது நானும் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்